வீட்டுப்பாடத்தைச் சுற்றியே சுழலும் வீடு: கற்றல் குறைபாடும் குடும்பத்தின் மனநிலையும்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயதாகிறது. தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் நான்காம் வகுப்புப் படிக்கிறான். சென்ற மாதம் அவனைப் பரிசோதித்த உளவியலாளர், அவனுக்கு டிஸ்லெக்சியாவும் (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) அதனோடு சேர்ந்து டிஸ்கிராஃபியாவும் (எழுதுவதில் வரும் குறைபாடு) இருப்பதாக அறிக்கை கொடுத்திருக்கிறார். அறிவுத்திறன் வயதுக்கு ஏற்ற அளவைவிடச் சற்று மேலாகவே இருக்கிறது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. குறைபாட்டைப் பற்றிய விளக்கங்களை ஓரளவு படித்துவிட்டேன். அது ஒரு வீட்டுக்குள் வந்த பிறகு அங்கே இருக்கும் எல்லோருடைய வாழ்க்கையும் எப்படி மாறிப்போகிறது, அதை நீங்கள் எவ்வாறு சமாளிக்கிறீர்கள் என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மாலை நான்கரைக்கு வேன் வந்து இறக்கிவிடும். ஆறு மணிக்கு நோட்டைத் திறந்தால் பள்ளியில் எழுதியது பாதி வரியில் நிற்கும். பக்கத்தில் சிவப்பு மையில் 'முடிக்கவில்லை' என்று இருக்கும். மிச்சத்தை வாட்ஸ்அப்பில் வேறொரு தாயிடம் கேட்டு வாங்கி, அதை எழுத வைத்து, அதன் பிறகு அன்றைய வீட்டுப்பாடத்தைத் தொடங்குவோம். 'கோழி' என்ற சொல்லுக்கு இரட்டைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று வாயால் பிசகாமல் சொல்வான். எழுதும்போது கொம்பு பின்னால் போய்விடும், அல்லது துணைக்கால் ழகரத்தோடு சேர்ந்துவிடும். ரப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழிந்ததும் அழத் தொடங்குவான். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், அவன் தடுமாறும் சொல்லை எட்டிப் பார்த்துச் சட்டென்று படித்துவிடுகிறாள். அப்படி நடந்த இரவுகளில் அவன் சாப்பிட வருவதில்லை.

கணவர் கடையை அடைத்துவிட்டு வரும்போது ஒன்பதரை ஆகிறது. அவர் பார்ப்பது அழுத முகத்தோடு இருக்கும் பையனையும் தொண்டை கட்டிப்போன என்னையும்தான். மாமியார், "ஆண் பிள்ளை, தானாகச் சரியாகிவிடுவான், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் இல்லாததை எல்லாம் கிளப்பாதே" என்கிறார். நான் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆயிற்று என்று நாத்தனார் சொன்னதாக வேறு வழியில் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் கடைசியாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது எப்போது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. உங்கள் வீடுகளில் இது எப்படி இருந்தது?

பொருநை_ஆசிரியர் (திருநெல்வேலி)

வணக்கம் அம்மா. நான் வட்டார வள மையம் (பள்ளிக் கல்வித் துறையின் வட்டார அளவிலான உதவி மையம்) ஒன்றில் சிறப்பாசிரியராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் எழுதிய 'கோழி' என்ற ஒரு சொல்லிலேயே உங்கள் மாலை நேரத்தின் சிக்கல் முழுவதும் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'கோ' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க் என்ற மெய். ஓ என்ற உயிர் அதற்குப் பின் வருகிறது. எழுதும்போதோ அந்த உயிரின் குறியில் பாதியை மெய்க்கு முன்னும் பாதியைப் பின்னும் எழுத வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றாம் வகுப்புக்குள் கை தானாகவே இதற்குப் பழகிவிடும். அவர்கள் யோசிப்பதே இல்லை. உங்கள் மகன் ஒவ்வொரு முறையும் யோசித்தே எழுதுகிறான். ணகரத்துக்கு எத்தனை சுழி, எந்த லகரம், எந்த ரகரம் என்று ஒவ்வொன்றையும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குச் சொல்லுக்குச் சொல் வேறு ஒலி. காலை ஒன்பது மணியிலிருந்து இந்த உழைப்பை உழைத்துவிட்டு வருகிற குழந்தையை ஆறு மணிக்கு மறுபடியும் அதே வேலையில் உட்கார வைக்கிறோம். அவன் அழுவது பிடிவாதத்தால் அன்று, களைப்பால்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் வகுப்பு வரை எழுத்தைக் கற்பதே பாடமாக இருக்கும். நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் எழுத்தின் வழியாக வந்து சேர வேண்டியிருப்பதால், அதுவரை மனப்பாடத்தாலும் சூட்டிகையாலும் ஈடுகட்டி வந்த குழந்தைகள் அப்போதுதான் பின்தங்கத் தொடங்குகிறார்கள். "நன்றாகத்தானே படித்துக்கொண்டிருந்தான், இந்த வருடம் சோம்பேறியாகிவிட்டான்" என்று பெற்றோர் வந்து சொல்வது பெரும்பாலும் இந்த வகுப்பில்தான்.

நடைமுறையில் என் யோசனை இது. அறிக்கையின் நகலை இணைத்து வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். வீட்டுப்பாடத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வதாகவும், அதற்கு மேல் இருப்பதை அவன் வாயால் சொல்ல நீங்கள் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புவதாகவும் அதில் தெரிவித்து ஒப்புதல் கேளுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சிட்ட தாள் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் அவனுக்குப் பிடித்த எதையாவது நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்க முடியாததால் அவனுடைய சொல்வளமும் பொது அறிவும் வறண்டுவிடாமல் இருக்க அது உதவும். எழுத்துப் பயிற்சியை வேறொருவர் கையில் ஒப்படையுங்கள். தினமும் அம்மாவே பரிசோதகராகவும் இருந்தால், அடிபட்டுக்கொண்டு ஓடிவர அந்தக் குழந்தைக்கு வேறு இடம் இருக்காது.

கொங்குத்_தந்தை (திருப்பூர்)

ஆசிரியர் சொன்னதைப் படித்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது. எங்கள் மகளுக்கு இப்போது பதினான்கு வயது. ஐந்தாம் வகுப்பில்தான் டிஸ்லெக்சியா என்று தெரிந்தது. அதற்கு முந்தைய காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் கணவன் மனைவி சண்டைதான். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று அவள் சொல்வாள். அவள் கத்திக் கத்தித்தான் பிள்ளை பயந்துவிட்டது என்று நான் சொல்வேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வந்து பஞ்சாயத்துப் பேசியிருக்கிறார்கள். பிள்ளை அடுத்த அறையில் உட்கார்ந்து, தன்னால்தான் இவ்வளவும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதைப் பின்னால் அவளே உளவியலாளரிடம் சொல்லித் தெரிந்துகொண்டோம்.

மகளைப் பரிசோதித்த அம்மையார் எங்கள் இருவரிடமும், "நீங்கள் பள்ளியில் எப்படிப் படித்தீர்கள்?" என்று கேட்டார். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். இருபது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். துணியைத் தொட்டுப் பார்த்து கிராம் எடை சொல்வேன். கணக்கு எல்லாம் மனதில் நிற்கும். ஆனால் டெலிவரி சலானைப் படிக்க இன்றும் எனக்கு எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் குரலில்தான் செய்தி அனுப்புவேன்; எழுதினால் தப்பு வரும். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னது கிடையாது. அந்த அறையில்தான் முதன்முதலாகச் சொன்னேன். இது குடும்பங்களில் தலைமுறை தாண்டி வரக்கூடியது என்று அந்த அம்மையார் விளக்கினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யார் கெடுத்தது என்ற பேச்சு எழவில்லை. மகள் என்னிடம் வந்து, "அப்பா, உங்களுக்கும் வரிகள் நகருமா?" என்று கேட்டாள். இப்போது நானும் அவளும் செய்தித்தாளில் ஒரு பத்தியை ஆளுக்கு ஒரு வரியாகப் படிக்கிறோம். இருவரும் மெதுவாகத்தான் படிக்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தெளிவு இல்லை. சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்கள். பெண் பிள்ளை. 'மாற்றுத்திறனாளி' என்று அரசாங்கத் தாளில் எழுதி வாங்கிவிட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்காதா என்று என் மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நிழல்தரும்_வேம்பு (விழுப்புரம்)

ஆசிரியர் ஐயாவின் மேல் மரியாதை வைத்தே மாறுபடுகிறேன். எழுத்துப் பயிற்சியை வேறொருவர் கையில் ஒப்படையுங்கள் என்று சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் அந்த வேறொருவர் யார்? நான் ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் லாரி ஓட்டுநர். தனியார் சிறப்புக் கல்வியாளர் ஒருவரிடம் விசாரித்தபோது அவர் சொன்ன மாதக் கட்டணம் என் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. என் மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் அவனுக்குச் சரளமாகப் படிக்க வராததை இத்தனை ஆண்டுகளாக யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்து பொதுத்தேர்வு என்ற பிறகே பள்ளியில் என்னை அழைத்துப் பேசினார்கள். அதுவும் டியூஷனுக்கு அனுப்பச் சொல்வதற்காக. டியூஷனில் அதே பாடத்தை இன்னும் வேகமாக நடத்தினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். கடையில் நாள் முழுவதும் நின்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கும் தாய் தன் பிள்ளைக்குத் தாயாக இருக்க முடியாது என்பதுபோல் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு மனம் நோகிறது. எங்களால் விட்டுவிட முடியாது ஐயா. நாங்கள் விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

பொருநை_ஆசிரியர்

நீங்கள் சொல்வது நியாயம், சகோதரி. ஒப்படைக்க ஆள் உள்ளவர்களை மனதில் வைத்தே நான் எழுதியிருந்தேன். உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு இருக்கும் வழிகளைச் சொல்கிறேன். அவை போதுமானவை என்று சொல்ல மாட்டேன்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு கவனிக்க வேண்டிய நிலைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அந்தக் குழுவின் பரிந்துரையோடு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போனால் பரிசோதனை இலவசம். வட்டார வள மையத்தில் என்னைப் போன்ற சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள் என்பதால் வாரம் முழுவதும் உங்கள் மகனுடன் இருக்க எங்களால் முடிவதில்லை. ஆனால் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை உங்களுக்குக் கற்றுத்தர முடியும். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணில் அழைத்து, உங்கள் வட்டாரத்துக்கு யார் என்று கேளுங்கள்.

நீங்களே சொல்லிக்கொடுப்பதானால் நேரத்தைக் குறையுங்கள், முறையை மாற்றுங்கள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஒரு தட்டில் மணலையோ ரவையையோ பரப்பி, ஒரே எழுத்துக் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலியை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். கண், காது, வாய், விரல் நான்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் நிற்க வேண்டும். இன்று சிறப்புக் கல்வியில் பல புலன் வழிப் பயிற்சி என்று சொல்லப்படும் இது, நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதி உரக்கச் சொல்லிப் படித்ததற்கு மிகவும் நெருக்கமானது. பதின்மூன்று வயதுப் பையன் தட்டில் எழுதக் கூச்சப்படுவான். அவனுக்குத் தரையில் சாக்பீஸ் கொடுங்கள், தம்பி தங்கைகள் இல்லாத நேரமாகப் பாருங்கள். கால் மணி முடிந்ததும் தவறு இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். பாடத்தை நீங்கள் வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்தால் நீங்கள் கடையில் இருக்கும் நேரத்தில் அவன் கேட்டுக்கொள்வான்.

மட்டுறுத்துநர்

தனிச்செய்தியில் சிலர் மருத்துவர்களின் பெயர்களைக் கேட்டிருக்கிறார்கள். தனிநபர்களின் பெயரையும் எண்ணையும் இழையில் பதிய வேண்டாம். பொது நிறுவனங்களைச் சொல்லலாம்: சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம், பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ்.

உளநலப்_பணி (சென்னை)

நான் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகர். இந்த இழையில் பெற்றோர் எழுதியவற்றை நான் அறையில் கேட்காத வாரம் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, பள்ளி வயதுக் குழந்தைகளில் 100-க்கு 5 முதல் 15 பேர் வரை ஏதோ ஒரு வகைக் கற்றல் குறைபாட்டோடு இருப்பதாகச் சொல்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் குறைந்தது இருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் அந்தத் தெருவில் இப்படி அழுகையோடு முடியும் வீடு உங்களுடையது ஒன்று மட்டுமாக இருக்காது. மற்றவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள்.

குழந்தையின் மனத்தில் நடப்பதை முதலில் சொல்கிறேன். திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, சொல்வதை எழுதும் தேர்வுக்கு முந்தைய இரவில் வரும் காய்ச்சல், காணாமல் போகும் நோட்டு, வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைத்து வெளியே அனுப்பப்படுவது, இவையெல்லாம் பெரும்பாலும் 'எனக்குத் தெரியாது' என்று எல்லோர் முன்னும் தெரிந்துவிடாமல் தப்பிக்கும் வழிகள். தெரியாதவன் என்று பெயர் எடுப்பதைவிட முரடன் என்று பெயர் எடுப்பது ஒரு பத்து வயதுப் பையனுக்குக் கௌரவமாகப் படுகிறது. பெண் குழந்தைகள் பலர் இதற்கு மாறாக, யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசையில் அமைதியாக இருந்துவிடுகிறார்கள். அதனாலேயே அவர்களைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. எவ்வளவு முயன்றாலும் பலன் ஒன்றுதான் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்த குழந்தை ஒரு கட்டத்தில் முயற்சியையே விட்டுவிடும். அதைத்தான் நாம் சோம்பல் என்கிறோம். 1896-இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் பதிவு செய்த பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி அவனுடைய ஆசிரியரே, பாடமெல்லாம் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல்வன் என்று சொல்லியிருந்தார். அதற்குப் பின் நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. இன்றும் அந்தச் சிறுவன் நம் வகுப்புகளில் சோம்பேறி என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறான் என்பது எனக்கு ஆற்ற முடியாத வருத்தம்.

இனி தாய்மார்களைப் பற்றி. பரிசோதனை முடிவைக் கேட்டதும் பலர் அழுகிறார்கள். அதில் துயரமும் இருக்கும், இத்தனை நாள் தன் மேல் சுமத்தப்பட்ட பழி இறங்கிய நிம்மதியும் இருக்கும். சில மாதங்களில் அந்த நிம்மதி போய்விடுகிறது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே முதல் கேள்வியே "எத்தனாவது ரேங்க்?" என்பதுதான். தூக்கம் குறைகிறது, வேலையை விடுகிறார்கள், கணவனோடு பேசும் பேச்செல்லாம் பிள்ளையின் படிப்பாகவே ஆகிவிடுகிறது. குழந்தையை அழைத்து வரும் தாயிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் பிள்ளையைப் பற்றியதாகவே இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து தூக்கமின்மை, காரணமற்ற அழுகை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் அது உங்களுக்கே உதவி தேவைப்படும் நிலை. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசோதனைக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் நீங்களும் வாருங்கள். அறிக்கையை மனைவி வாயால் கேட்கும்போது அது அவள் சொல்லும் சாக்காகத் தோன்றுகிறது. உளவியலாளர் வாயால் கேட்கும்போது அப்படித் தோன்றுவதில்லை. திருப்பூர் ஐயா வீட்டில் நடந்தது அதுதான்.

மூத்தவள் (தஞ்சாவூர்)

யாரும் கூடப்பிறந்தவர்களைப் பற்றி எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். டிஸ்லெக்சியா உள்ள தம்பிக்கு அக்காவாக வளர்ந்தவள் நான். எங்கள் காலத்தில் அந்தப் பெயர்கூடத் தெரியாது. 'மக்கு' என்ற பெயர் மட்டுமே தெரியும். எனக்குப் படிப்பு நன்றாக வந்தது. நான் வாங்கிய ஒவ்வொரு மதிப்பெண்ணும் அவனை அடிக்கப் பயன்பட்டது. "அக்காவைப் பார்" என்று அப்பா சொல்லும்போது அவன் என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்து மதிப்பெண் அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோருடைய கவலையும் அவனைச் சுற்றியே இருந்ததால் எனக்கு உடம்பு சரியில்லை என்றால்கூடச் சொல்லத் தயங்குவேன். நல்ல பிள்ளையாக, யாருக்கும் தொந்தரவு இல்லாதவளாக இருப்பதே என் கடமை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பழக்கம் கல்யாணமான பிறகும் போகவில்லை.

வைகைக்கரை அம்மா, உங்கள் மகள் எட்டிப் பார்த்துப் படிப்பதற்காக அவளைத் திட்டாதீர்கள். அவளுக்கும் உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். நோட்டு இருக்கும் இடத்தில்தான் அம்மா இருக்கிறாள் என்பதால் அங்கே வருகிறாள். அண்ணனுக்கு என்ன சிரமம் என்பதை அவள் வயதுக்கு ஏற்றபடி சொல்லிவிடுங்கள். அண்ணன் நன்றாகச் செய்யும் ஏதாவது ஒன்றை அவனிடமே அவள் கற்றுக்கொள்ளும்படி செய்யுங்கள். என் தம்பி இன்று மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். எந்த வரைபடமும் இல்லாமல் சுருளைப் பிரித்துக் கட்டுவான். எங்கள் இருவருக்கும் நடுவே பேச்சு இருக்கிறது, ஆனால் சிறுவயதில் இழந்த நெருக்கம் திரும்ப வரவில்லை.

சிங்கை_வாசகி (சிங்கப்பூர்)

மொழிப்பாட விலக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே டிஸ்லெக்சியா உள்ள மாணவர்கள் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். எங்கள் மகனுக்குத் தமிழில் விலக்கு வாங்கினோம்; அவனுடைய பாரம் உடனே குறைந்தது, வீட்டில் அமைதி வந்தது. ஆனால் படிக்க வேண்டாம் என்ற மொழியைப் பேசவும் வேண்டாம் என்று அவன் எடுத்துக்கொண்டான். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனும் பாட்டியும் ஒரே அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: சமையலறையில் தமிழ் மட்டுமே. அவன் பாட்டியோடு தோசை வார்ப்பான். எழுத்தில் விலக்கு வாங்குங்கள், தவறே இல்லை; பேச்சில் வாங்கிவிடாதீர்கள்.

கரிசல்_காடு (விருதுநகர்)

திருப்பூர் நண்பரின் கேள்விக்கு என் பதில். என் மகன் சான்றிதழோடு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதி இப்போது கல்லூரியில் இருக்கிறான். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில்தான் முதன்முறையாக இது சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிய வேண்டும் என்கிறது. 17-ஆவது பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சொல்கிறது. இவை யாரும் கருணையோடு கொடுக்கும் சலுகைகள் அல்ல. சான்றிதழ் இல்லாமல் இவற்றைக் கேட்டால் பள்ளி நினைத்தால் கொடுக்கும், இல்லையென்றால் இல்லை.

கல்யாணத்தைப் பற்றி: சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கும். அதை யார் கையில் கொடுப்பது என்பதை நீங்களும், பின்னால் உங்கள் மகளும் முடிவு செய்யலாம். மதிப்பெண் பட்டியலோ எல்லோர் பார்வைக்கும் போகும். கூடுதலாகக் கிடைக்கும் ஒரு மணி நேரம் அந்தப் பட்டியலை மாற்றக்கூடியது. மேலும், உங்கள் மகளிடமே கேளுங்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இதில் ஒரு கருத்து இருக்கும். என் மகன் முதலில் சொல்வதை எழுதுபவர் வேண்டாம், கூடுதல் நேரம் மட்டும் போதும் என்றான். அவன் சொன்னபடியே விட்டோம். அவனுடைய முடிவு என்பதாலேயே பொறுப்பாகப் படித்தான்.

கொங்குத்_தந்தை

நன்றி ஐயா. மனைவியிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். மகளையும் உட்கார வைத்துப் பேசினோம். அவள், "கல்யாணத்துக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது, பப்ளிக் எக்ஸாமுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது" என்றாள். அரசு மருத்துவமனைக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.

நிழல்தரும்_வேம்பு

14417-க்கு அழைத்தேன். வட்டார வள மையத்தின் முகவரியும் கிழமையும் சொன்னார்கள். கடையில் அரை நாள் விடுப்புக் கேட்டுவிட்டுப் போனேன். ஆசிரியை மகனிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்ததும் அவன் என்னிடம், "அம்மா, நான் மக்கு இல்லையாம்" என்றான். இதைச் சொல்ல எட்டாம் வகுப்பு வரை ஒருவரும் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாவட்ட மையத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. கடிதம் கொடுத்தேன். வகுப்பாசிரியை உடனே ஒப்புக்கொண்டார். நிர்வாகத்தில், "மற்ற பெற்றோரும் கேட்பார்களே" என்றார்கள். அதனால் சான்றிதழ் வாங்கிவிடுவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். சென்ற முறை வேலை இருக்கிறது என்று சொன்னவர், இந்த முறை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். அரை மணிக்கு மேல் வீட்டுப்பாடம் இல்லை என்றதும் மாமியார் கோபித்துக்கொண்டார். ஆனால் எட்டு மணிக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து இராமாயணக் கதை சொல்பவர் இப்போது அவர்தான். மகளும் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். எல்லா நாளும் அப்படி அமைவதில்லை; நேற்றுகூட ஆங்கில எழுத்துக்கூட்டல் தேர்வுக்காக அழுதான்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஒன்பது வயதில் வாங்கும் சான்றிதழ் பத்தாம் வகுப்பு வரை செல்லுமா, மறுபடியும் பரிசோதிக்க வேண்டுமா?

கரிசல்_காடு

2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி எட்டு வயது நிறைந்தவர்களுக்கே இந்தச் சான்றிதழ் வழங்கப்படும்; பதினான்கு வயதிலும் பதினெட்டு வயதிலும் மறுபரிசோதனை உண்டு; பதினெட்டில் கிடைப்பது வாழ்நாள் முழுவதும் செல்லும். எங்களுக்கு அந்த முறைப்படியே நடந்தது. விதிகளில் திருத்தம் வந்திருக்கலாம் என்பதால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் அப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். போகும்போது உளவியலாளரின் அறிக்கை, பள்ளியிலிருந்து ஒரு கடிதம், ஆதார், புகைப்படம் ஆகியவற்றோடு மகனுடைய பழைய நோட்டுகள் இரண்டையும் கொண்டு போங்கள். எங்களிடம் மருத்துவக் குழுவில் அதைக் கேட்டார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பையனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பரிசோதனை நீளும், பசியோடு உட்கார்ந்தால் அவனால் முடிந்ததையும் செய்யமாட்டான்.